பதினான்காம் கலம்

அலுவலகத் தாளில் அதன் பெயர் கலங்கல்.
ஊரில் கோடி.
ஏரி கோடி போனால் கற்பூரம் கொளுத்துவார்கள்,
கிடா வெட்டுவார்கள்,
உதவிப் பொறியாளர் என்று எனக்கும் ஒரு மாலை விழும்.
சாமந்தி, பாதி நனைந்தது.

குடியாத்தத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.
கரையின் நீளம் ஆயிரத்து நானூற்றுப் பத்து மீட்டர்.
மூன்று ஜூன் மாதங்கள்
ஜீப்பில் இருந்தபடியே அதைப் பார்வையிட்டேன்.
இறங்கவில்லை. சீமைக்கருவேல முள்.
படிவத்தில் பதினான்காம் கலம்:
கசிவு, உண்டு அல்லது இல்லை.
எனக்கு முன் இருந்தவர் இல்லை என்று எழுதியிருந்தார்.
அவருக்கு முன் இருந்தவரும்.
கட்டின் அடியில் கிடந்த மிகப் பழைய தாளில்
தும்பிக்கை வைத்த பழைய 'லை'.
எழுத்து மாறியிருக்கிறது. விடை மாறவில்லை.

லஸ்கர் தேசிங்கு அதிகம் பேசமாட்டார்.
புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை
என் மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்.
"மதகுக்குத் தெக்கால, கரை அடியில புடிச்சது மேடம்."
தெளிந்த நீர், குடிக்கலாம் போல.
எல்லாக் கரையும் கொஞ்சம் வேர்க்கும் என்றேன்.
படித்தது அதுதான்.
அடுத்த திங்கள் இன்னொரு பாட்டில்.
அதற்கடுத்தது டீ நிறம்.
அசைக்காமல் ஒரு மணி நேரம் வைத்தோம்.
அடியில் ஒரு விரல்கடை மண் இறங்கியது.
"ஏரித் தண்ணி பச்சையா கீது மேடம்.
இது கரை."

அன்று உண்டு என்று எழுதினேன்.
கோப்பு வேலூர் போய்த் திரும்பி வந்தது:
எவ்வளவு? ஆதாரம் இணைக்கவும்.
பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன்.
தபால் பிரிவு ஜெகதாம்பாள்
இதற்கு வரிசை எண் எப்படிப் போடுவது என்று
துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை.
அதே வாரம் கோடிக்கால்வாயின்மேல்
பத்மாவதி அவென்யூ, இருபத்தாறு மனை,
ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தானது.
அந்த இல்லைக்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசி. சித்தூர்ப் பக்கம் விடாத மழை.
இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.
கோடியின்மேல் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்,
இன்னும் ஓரடி தேங்கட்டும் என்று.
ஓரடி என்றால் அறுபது ஏக்கர், இரண்டாம் போகம்.
எடுங்கள் என்றேன்.
"ஆர்டர் கீதா?" என்றார் சங்கத் தலைவர் வரதப்பன்.
இல்லை.
தேசிங்கு அன்றைய பாட்டிலை
டார்ச் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.
பாதி மண்.
வரதப்பனின் நிலம் மதகுக்குத் தெற்கே.
முதல் மூட்டையை அவர்தான் இழுத்தார்.

முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல்.
தண்ணீரை அடைக்கக் கூடாது,
மண்ணை மட்டும் போகவிடக் கூடாது.
ஜல்லி, பத்மாவதி அவென்யூ சாலைக்கு இறக்கியது.
கேட்காமல்தான் எடுத்தோம்.
விடியும்போது பிடித்த பாட்டில் வழியே
தேசிங்கின் விரல்ரேகை தெரிந்தது.
கோடி போனது.
கற்பூரம் கொளுத்த ஒருவரும் விழித்திருக்கவில்லை.

மாசியில் வந்தது கடிதம்:
பருவமழையில் கரைக்குச் சேதம் ஏதும் நேராததால்
இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கான
மேற்படி முன்மொழிவு முடித்துவைக்கப்படுகிறது.

இரண்டு முறை படித்தேன்.
உடைந்திருந்தால் பணம் வந்திருக்கும்,
படகும் பாயும் பொட்டலமும் வந்திருக்கும்,
சிலருக்குக் கோடித் துணியும்.

மறுபடி ஜூன். இந்த முறை இறங்கி நடந்தேன்.
முள் செருப்பைத் துளைத்தது.
மதகுக்குத் தெற்கே மணல் கிடக்கிறது, கல் கிடக்கிறது.
ஜல்லியை மட்டும்
கணக்குப் பார்த்து வாரிப் போயிருக்கிறார்கள்.

பதினான்காம் கலம் ஒரு அங்குல அகலம்.
நான் பேனாவைத் திறக்கிறேன்.
கதவருகே தேசிங்கு,
கையில் கழுவிய காலி பாட்டில்.